60 பின்னா, 72 பின்னா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலமாரியில் கிடந்த கேம் கேசட்டுகளை எல்லாம் பெட்ஷீட்டில் கொட்டி இரண்டு குவியலாகப் பிரித்தேன். மொத்தம் 31. கேசட்டின் அடியில் முன்னும் பின்னுமாக இருக்கும் தங்க நிறப் பட்டைகளுக்குத்தான் பின் என்று பெயர். ஜப்பானில் 1983-ல் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோல் கேசட்டுக்கு 60 பின், அதன் அமெரிக்க வடிவமான என்இஎஸ் கேசட்டுக்கு 72. என்னிடம் இருப்பவை சின்னது 22, பெரியது 9. குளோன் கன்சோல், அதாவது அசலைப் பார்த்து மற்றவர்கள் செய்யும் நகல், வாங்கக் கிளம்புவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு இது. போடாமல் வாங்கி, ஒருமுறை சூடு பட்டாச்சு.

பழைய கன்சோல் உயிரை விட்டதும் நான் முதலில் வாங்கியது ஒரு குட்டி டப்பா. எச்டிஎம்ஐ உண்டு, 72 பின் வாய். சூப்பர் மாரியோ பிரதர்ஸைச் செருகினேன், படம் பளிச்சென்று வந்தது. வானத்தின் நீலத்தில் கொஞ்சம் ஊதா கலந்த மாதிரி இருந்தது, போகட்டும். பாட்டுதான் உறுத்தியது. சுரம் சரி, தாளம் சரி, ஆனால் நான் கூடவே முனகினால் ஒட்டவில்லை. புல்லாங்குழலில் வரவேண்டிய மெட்டை யாரோ நாதஸ்வரத்தில் வாசிப்பது போல. மூன்று நாள் டிவி செட்டிங்கைக் குடைந்துவிட்டு, அப்புறம்தான் டப்பாவைச் சந்தேகப்பட்டேன்.

விஷயம் இதுதான். அசல் கருவியில் கணக்குப் போட ஒரு சிப், படம் வரைய இன்னொரு சிப். மலிவான குளோன்களில் இரண்டையும் ஒரே சில்லுக்குள் அடைத்து, மேலே கருப்புப் பிசின் பொட்டு வைத்துவிடுகிறார்கள். மெட்டு வாசிப்பவை பல்ஸ் சேனல்கள் என்ற இரண்டு ஒலித் தடங்கள், அவற்றுக்கு அலையின் அகலம் நான்கு விதம்: 12.5, 25, 50, 75 சதவீதம். 50-ல் ஒலி உருண்டையாக இருக்கும், 25-ல் மூக்கால் பாடும். இந்த வகைச் சில்லுகள் பலவற்றில் 25-ம் 50-ம் இடம் மாறிக் கிடக்கின்றன. ஒருமுறை காதில் பட்டுவிட்டால் அப்புறம் கேட்காமல் இருக்க முடியாது.

அடுத்த அடி, கொனாமி நிறுவனத்தின் அகுமாஜோ டென்செட்சு என்ற ஆட்டம். 1989-ல் வந்த ஃபேமிகாம் கேசட். உள்ளே விஆர்சி6 என்று ஒரு சிப், கன்சோலின் ஒலியோடு இன்னும் மூன்று சேனல்களைச் சேர்க்கும். ஃபேமிகாமில் கன்சோலின் ஒலி கேசட்டுக்குள் போய், அங்கே இருப்பதையும் கூட்டிக்கொண்டு, இன்னொரு பின் வழியாகத் திரும்பி வரும். 72 பின் வாயில் அந்த வழியே கிடையாது. கன்வெர்ட்டர் போட்டுச் செருகினால் ஆட்டம் ஓடும், பாட்டில் பாதி காணாமல் போயிருக்கும். அதே ஆட்டத்தின் அமெரிக்கக் கேசட்டில் இருப்பது எம்எம்சி5 என்ற வேறு சிப். அதையும் போட்டுப் பார்த்தேன். என் டப்பா வெறும் திரையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எனவே யார் கேட்டாலும் இப்போது நான் சொல்வது: உங்களிடம் இருப்பதிலேயே முரண்டு பிடிக்கிற கேசட் எதுவென்று பாருங்கள், அதற்கு ஏற்ற கன்சோலை வாங்குங்கள். மாரியோ எதிலும் ஓடும்.

பழைய கன்சோல் போல மென்பொருளாலேயே நடிக்கும் எமுலேட்டர் வகைக் கருவிகளையும் யோசித்தேன். ஒரே பெட்டியில் நாலைந்து வாய், நினைத்த இடத்தில் சேவ் பண்ணலாம், வசதிதான். ஆனால் அவற்றில் சில, கேசட்டில் இருப்பதை முதலில் தன் நினைவகத்துக்குப் பிரதி எடுத்துக்கொண்டு அந்தப் பிரதியைத்தான் ஓட்டுகின்றன. அதற்குப் பிறகு கேசட்டுக்கு வேலை பூட்டில் கிடக்கும் சாவியின் வேலை மட்டும். தனக்குத் தெரியாத கேசட் வந்தால் பிரதி எடுக்கவும் தெரியாமல் திணறும். "100 இன் 1" கேசட்டுகள் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம். அதனால் இது கழிந்தது.

மிச்சம் எஃப்பிஜிஏ. பழைய சிப்புகளின் சுற்றையே புதிய சில்லுக்குள் திரும்ப அமைப்பது, கேசட்டின் பின்கள் அசலில் போலவே ஒவ்வொரு துடிப்புக்கும் வேலை செய்யும். அனலாக் என்ற நிறுவனத்துக்காகக் கெவின் ஹார்டன் வடிவமைத்த கருவிகள் இதில் பேர்போனவை, மற்ற பழைய கன்சோல்களுக்கானவை: சூப்பர் என்இஎஸ்ஸுக்கு 2018-ல் சூப்பர் என்டி, மெகா டிரைவுக்கு 2019-ல் மெகா எஸ்ஜி. எஃப்பிஜிஏ என்றதும் அசலேதான் என்று சாமியாட வேண்டாம். அதையும் ஒரு மனிதர்தான் எழுதுகிறார், தப்பு இருந்தால் அப்டேட்டில் திருத்துகிறார். திரை விஷயத்தில் சமரசமும் உண்டு. அசல் கருவி விநாடிக்கு 60.0988 பிரேம் தருகிறது, டிவி கேட்பது 60. பத்து விநாடிக்கு ஒரு பிரேம் உபரி. ஒன்று அதை விழுங்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தையே துளி மெதுவாக ஓட்ட வேண்டும். சூப்பர் என்டியில் இதை நாமே தேர்ந்தெடுக்கலாம். என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நான் எடுத்தது 2016-ல் வந்த ஏவிஎஸ் என்ற எஃப்பிஜிஏ கன்சோல். 60, 72 இரண்டுக்கும் தனித்தனி வாய், கன்ட்ரோலருக்கு நாலு ஓட்டை, 720பி படம். எச்டிஎம்ஐ மட்டும்தான், பழைய டியூப் டிவியில் மாட்ட வழியில்லை. அதனால் டக் ஹன்ட் ஆட்டத்தில் திரையைக் குறிவைக்கும் துப்பாக்கி பரணுக்குப் போனது, தட்டை டிவியில் அது எப்படியும் சுடாது.

முதல் டப்பா கேசட்டைக் கவ்வியிருந்த கவ்வலுக்கு, எடுக்கும்போது டப்பாவும் சேர்ந்தே எழும்பி வந்துகொண்டிருந்தது. இதில் அப்படி இல்லை. பின்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன், பஞ்சு கன்னங்கரேலென்று வந்தது. ஊதக்கூடாது, எச்சில் ஈரம் பட்டு உலோகம் அரிக்கும். தெரிந்தும் செருகுவதற்கு முன் வாய் தானாக ஊதிவிட்டது.

அகுமாஜோவின் முதல் கட்டத்தில், அடியில் ரம்பம் மாதிரி அறுத்துக்கொண்டு வரும் அந்த பேஸ் ஒலியைக் கேட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மாரியோ. மெட்டு உருண்டையாக, நான் முனகியது போலவே வந்தது. பக்கத்தில் இருந்த மகள் முகத்தைச் சுளித்தாள். அவள் மாரியோவைக் கேட்டதே அந்தக் குட்டி டப்பாவில்தான்.

"அப்பா, இது தப்பாப் பாடுது. பழசையே போடுங்க."

டப்பா இப்போது அவள் மேஜையில் இருக்கிறது.