காலையின் முதல் பத்து அடிகள்

படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடிகள்தாம் என் அளவுகோல். ஏழு மாதங்களாக ஒவ்வொரு காலையும் அந்த அடிகளின் வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்துக் குறித்துவருகிறேன். முதல் நாள் எழுதியது 6. இன்று காலை 1.

வலி இடது காலில், குதிகால் எலும்புக்கு நான்கு சென்டிமீட்டர் மேலே, கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலீஸ் தசைநாணின் நடுப்பகுதியில். இரு விரல்களால் பிடித்துப் பார்த்தால் வலது காலைவிடத் தடித்திருப்பது தெரியும். அரை மாரத்தானுக்கான பயிற்சியில் வாரம் 25 கிலோமீட்டரிலிருந்து மூன்றே வாரங்களில் 45க்கு ஏறினேன். போதாததற்கு மேடேறும் ஓட்டங்களையும் சேர்த்துக்கொண்டேன். ஓடத் தொடங்கிப் பத்து நிமிடங்களில் வலி மறைந்துவிடும். மறைகிறதே, பெரிதாக ஒன்றுமில்லை என்று நம்பிப் பல மாதங்களைக் கழித்துவிட்டேன்.

பிறகு ஓய்வு. இரண்டு வாரம், அடுத்த முறை நான்கு வாரம், அதற்கடுத்து ஆறு வாரம். ஒவ்வொரு முறையும் வலி அடங்கியது. ஒவ்வொரு முறையும் மூன்றாவது ஓட்டத்திலேயே திரும்பி வந்தது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போலப் பல மடங்கு சுமை இந்த ஒரு நாணின் வழியாகப் போகிறது. சும்மா இருந்தால் வலி குறையும், ஆனால் அந்தச் சுமையைத் தாங்கும் வலு கூடாது, இருப்பதும் தேயும். இது புரிய எனக்கு ஓராண்டு ஆனது. தினமும் சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை இழுத்து நீட்டியதிலும் பலன் இல்லை.

பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் செய்த சோதனை எளிமையானது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை எத்தனை முறை தூக்க முடிகிறது என்று எண்ணினார். வலது 28. இடது 11. வலியைப் பற்றி அதுவரை எத்தனையோ யோசித்திருந்த நான், கால் இவ்வளவு பலவீனமாகிவிட்டதை அப்போதுதான் பார்த்தேன்.

அவர் தந்தது, ஸ்வீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனும் அவரது குழுவினரும் 1998இல் வெளியிட்ட முறை. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் மேலே எழும்பி, எடையை வலியுள்ள காலுக்கு மாற்றி, குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். முழங்காலை நேராக வைத்து 15 முறை வீதம் மூன்று சுற்று. மடக்கி வைத்து மீண்டும் மூன்று சுற்று. மடக்கும்போது கெண்டைக்காலின் அடித்தசைக்கு வேலை கூடுகிறது. காலை, மாலை இரு வேளையும் சேர்த்து நாளுக்கு 180 முறை, 12 வாரங்கள். செய்யும்போது ஓரளவு வலிக்கலாம். வலிக்காமல் போனால் முதுகுப்பையில் எடை ஏற்ற வேண்டும். அந்த ஆய்வில் பங்கேற்ற 15 ஓட்டக்காரர்களும் 12 வாரங்களில் ஓட்டத்துக்குத் திரும்பியிருந்தார்கள்.

முதல் இரண்டு வாரம் காலை எண் 6லிருந்து 7க்குப் போனது. விட்டுவிடலாமா என்று இருந்தது. நான்காம் வாரம் 5, ஆறாம் வாரம் 3.

ஆறாம் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு 180 என்னால் முடியவில்லை. வேலை நாள்களில் மாலைச் சுற்று தவறிக்கொண்டே இருந்தது. கனமான எடையுடன் மெதுவாக, வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் செய்யும் முறைக்கு மாறினோம். மூன்று விநாடி ஏற்றம், மூன்று விநாடி இறக்கம். 15 முறையில் தொடங்கி, எடையைக் கூட்டக் கூட்ட எண்ணிக்கையை 6 வரை குறைப்பது. 2015இல் டென்மார்க்கில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டபோது பலன் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. எனக்கு இதுதான் பொருந்தியது. நாள்தோறும் செய்ய முடிகிறவர்கள் முதல் முறையிலேயே தொடரலாம்.

ஒன்பதாம் வாரத்தில் ஒரு தவறு. இரண்டு காலைகள் தொடர்ந்து 1 என்று எழுதிய உற்சாகத்தில் 8 கிலோமீட்டர் வேகமாக ஓடினேன். ஓடும்போதும், அன்று மாலையும் எந்த வலியும் இல்லை. மறுநாள் காலை 5. மீண்டும் 2க்கு இறங்க ஒன்பது நாள்கள் பிடித்தன. ஓடிய அன்றைய வலியை மட்டும் பார்த்து முடிவெடுப்பதை அதோடு விட்டேன். இப்போது விதி இதுதான்: செய்யும்போது 5 வரை வலிக்கலாம், மறுநாள் காலை எண் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் அடுத்த ஓட்டம் குறையும்.

திரும்ப ஓடத் தொடங்கியது 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, பத்து முறை. அடுத்தடுத்த நாள்களில் ஓடுவதே இல்லை. கடும் சுமைக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை நாள் வரை நாணுக்கு வலுத் தரும் கொலாஜன் என்ற புரதம் கட்டப்படுவதைவிடச் சிதைவதே அதிகம் என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கிய பிறகு, இடைநாள்கள் வீணாகத் தோன்றவில்லை. தூரத்தை முதலில் கூட்டினேன், வேகத்தைப் பிறகு. நாணை அதிகம் சோதிப்பது வேகமும் மேடும்தான்.

வலி நாணின் நடுவில் இல்லாமல் குதிகால் எலும்போடு சேரும் இடத்தில் இருந்தால், படிக்குக் கீழே இறக்கக் கூடாது. அங்கே நாண் எலும்பில் அழுந்தும். சமதரையில் செய்ய வேண்டும். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் திடீரென்று உணர்ந்தால் நாண் அறுந்திருக்கக்கூடும். அதற்குப் பயிற்சி அல்ல, உடனடி மருத்துவம் தேவை.

இந்த வாரம்: மூன்று ஓட்டங்கள், மொத்தம் 22 கிலோமீட்டர், எல்லாம் சமதரையில். ஒற்றைக் காலில் வலது 30, இடது 26. தடிப்பு இன்னும் விரலுக்குத் தெரிகிறது. இடது 30 ஆனதும் முதல் மேடு.