தாத்தாவின் டிவிடி பிளேயருக்கு ஒரு போட்டோ டிவிடி

பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் முடிந்தது, இந்தக் காலத்தில் யார் டிவிடி ரைட் பண்ணுகிறார்கள் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் தாத்தா வீட்டில் இருப்பது இன்னும் பழைய பெட்டி டிவி. அதில் யூஎஸ்பி கிடையாது. பக்கத்தில் இருக்கும் டிவிடி பிளேயரின் ரிமோட் மட்டும் அவருக்கு மனப்பாடம். எண்பதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போய்வந்த கையோடு, பழைய ஆல்பங்களில் உள்ள படங்களை, யாரையும் கூப்பிடாமல் அவரே போட்டுப் பார்க்கிற மாதிரி செய்து தரவேண்டும் என்று இறங்கினேன்.

நேரம் அதிகம் பிடித்தது ஆல்பத்திலிருந்து படங்களை எடுப்பதற்குத்தான். கறுப்பு அட்டையில் மூலைக் கவ்விகளுடன் இருந்த அந்தக் காலத்துப் படங்கள் சுலபமாக வந்துவிட்டன. எண்பதுகளுக்குப் பிறகு வந்த, பசை அட்டை மேல் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பங்கள்தான் வில்லங்கம். படத்தைப் பிடுங்கினால் அதன் முதுகு உரிந்து அட்டையிலேயே தங்கிவிடும். பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடுகிறது. வராததை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் தாளை மட்டும் தூக்கி, போனில் எடுத்துக்கொண்டேன். அப்புறம் சில்க் ஃபினிஷ் தாளில் பிரிண்ட் போட்ட படங்கள். ஸ்கேனரில் வைத்தால் அதன் சொரசொரப்பு முழுக்க வெள்ளைப் புள்ளியாக விழுந்து, அம்மாச்சியின் முகத்தில் மாவு தூவியதுபோல் ஆகிவிடும். அவற்றையும் திண்ணையில், நேரடி வெயில் படாத இடத்தில் வைத்துப் போனில்தான் எடுத்தேன். மற்றதெல்லாம் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் ஸ்கேன். டிவிக்கு அவ்வளவு தேவையே இல்லை. ஆனால் ஆல்பத்தை இன்னொரு முறை பிரிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

வரிசைப்படுத்த அம்மாச்சிதான் கதி. படத்தின் பின்னால் ஸ்டூடியோ முத்திரையோடு தேதி இருந்தால் சரி, இல்லாவிட்டால் புடவையைப் பார்த்தே இது பெரியவள் காதுகுத்துக்கு முந்தி, இது அதுக்கப்புறம் என்று பிரித்துப் போட்டார்.

கணினி வேலையில் முதலில் தடுக்கியது தமிழ் எழுத்து. நான் முயன்ற ஒரு வீடியோ எடிட்டிங் மென்பொருளில் ‘கொடைக்கானல்’ என்று தலைப்பு அடித்தால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து தனித்தனியாக நின்றன. அதனால் படம், தலைப்பு எல்லாவற்றையும் பவர்பாயிண்டிலேயே முடித்துவிட்டேன். ஸ்லைடு அளவைப் பெட்டி டிவியின் அகல உயர விகிதமான 4:3 என்று மாற்றி, போட்டோ ஆல்பம் வசதியில் எல்லாப் படங்களையும் ஒரே மூச்சில் ஏற்றி, கீழே பெயர்களை அடித்து, எல்லா ஸ்லைடையும் ஜேபெக்காகச் சேமித்தால் ஆயிற்று. எழுத்தும் படத்துக்குள்ளேயே வந்துவிடுவதால் உடைய வழியில்லை. நம் ஊர் டிவிகளுக்கான ‘பால்’ (PAL) முறை டிவிடியில் படம் 720க்கு 576 புள்ளியாகப் பதிவாகும் என்று படித்துவிட்டு, அதே அளவுக்குப் படங்களை வெட்டாதீர்கள். டிவி அதை 4:3க்கு விரித்துக் காட்டும்போது எல்லோரும் கொஞ்சம் பெருத்துத் தெரிவார்கள்.

அடுத்து டிவிடிஸ்டைலர் என்ற டிவிடி தயாரிக்கும் மென்பொருள். இலவசம். படங்களை ஸ்லைடுஷோவாக அடுக்கி, ஒலியைச் சேர்த்து, மெனு வைத்தால், அதுவே டிவிடிக்கு வேண்டிய எம்பெக்-2 வீடியோவாக மாற்றி, விஓபி, ஐஎஃப்ஓ கோப்புகள் கொண்ட ‘வீடியோ_டிஎஸ்’ ஃபோல்டரை உருவாக்கிக் கொடுத்துவிடும். பின்னணிக்குத் திருக்கடையூரில் அன்று வாசித்த நாகஸ்வரத்தைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன், அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். 200 படம், ஒவ்வொன்றுக்கும் 7 விநாடி, மொத்தம் 23 நிமிடம் சொச்சம். வீடியோ தரத்தை விநாடிக்கு 8 மெகாபிட் என்று தாராளமாக வைத்தும் சுமார் 1.4 ஜிபிதான் வந்தது. 4.7 ஜிபி வட்டில் மிச்ச இடம் நிறைய இருந்ததால் ஸ்கேன் செய்த மூலப் படங்களையும் தனி ஃபோல்டராக அதே வட்டில் சேர்த்தேன். பிளேயர் அதைக் கண்டுகொள்ளாது, கணினியில் போட்டால் தெரியும்.

கணினியில் விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் கச்சிதம். அழித்து மறுபடி எழுதக்கூடிய ரீரைட்டபிள் வட்டு ஒன்றில் எழுதி, தாத்தா வீட்டு டிவியில் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. பெட்டி டிவி படத்தின் நான்கு ஓரத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும். கல்யாண குரூப் போட்டோவில் ஓரத்தில் நின்ற சித்தப்பா பாதி உடம்போடு நின்றார், கீழே போட்டிருந்த பெயர் வரியில் மேல்பாதிதான் தெரிந்தது. ஒவ்வொரு பக்கமும் ஐந்து சதவீதமாவது போகும் என்று கணக்கு வைத்து, படத்தை உள்ளே தள்ளிச் சுற்றிலும் கருநீலம் விட வேண்டியிருந்தது. எழுத்தை இன்னும் உள்ளே.

இன்னொன்று, அசைவு. முதலில் படங்கள் மெல்ல நகர்ந்து பெரிதாகும்படி வைத்திருந்தேன். கணினியில் அழகுதான். டிவியிலோ, இன்டர்லேஸ் என்று ஒன்றுவிட்டு ஒரு கோடாக வரைவதால், பட்டுப்புடவைச் சரிகையின் மெல்லிய கோடுகள் மினுமினு என்று துடித்தன. தாத்தா வேறு, “ஏன்டா, அதுக்குள்ள எங்க ஓடுறே?” என்று பாஸ் பட்டனை அமுக்குவார். நகரும்போது நிறுத்தினால் படம் நடுங்கியது. சரி, அசைவே வேண்டாம் என்று எல்லாவற்றையும் நிலையாக வைத்தேன். இதைச் சொன்னால் எடிட்டிங் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். வயதானவர்கள் ஒரு படத்தில் நான்கு பேரையாவது தேடுவார்கள், அவர்களுக்குப் படம் அசையாமல் நிற்பதுதான் சௌகரியம். மெனுவிலும் ‘கல்யாணம்’, ‘பிள்ளைகள்’, ‘பேரன் பேத்திகள்’ என்று மூன்றே பட்டன்கள், பெரிய எழுத்தில்.

மடிக்கணினியில் டிரைவ் இல்லாததால் யூஎஸ்பி டிவிடி ரைட்டர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கியிருந்தேன். ஹப்பில் செருகினால் மின்சாரம் பற்றாமல் பாதியில் நின்றுவிடும். நேராகக் கணினியில் செருகுங்கள். கடைசிப் பிரதிக்கு ஒரே முறை எழுதக்கூடிய டிவிடி-ஆர் எடுத்தேன், பழைய பிளேயர்கள் ரீரைட்டபிளைவிட அதை நன்றாகப் படிக்கும். வட்டில் எழுதும் மென்பொருளான இம்க்பர்னில் வேகத்தை 16இல் விடாமல் 4க்குக் குறைத்து, எழுதியதைச் சரிபார்க்கச் சொல்லும் ‘வெரிஃபை’யையும் டிக் செய்தேன். வட்டின் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், சுற்றும்போது சமநிலை போய்விடும். சிடி மார்க்கரால் எழுதினால் போதும், பால்பாயிண்ட் பேனா ஆகாது.

சித்தி அமெரிக்காவில் இருக்கிறார், அவருக்கும் ஒன்று வேண்டுமாம். அங்கே என்டிஎஸ்சி என்ற வேறு டிவி முறை, நம் ‘பால்’ முறை வட்டை அங்குள்ள எல்லாப் பிளேயரும் எடுக்காது. அதற்காக இன்னொரு டிவிடி தயாரிக்கிற தெம்பு எனக்கு இல்லை. ஸ்லைடுகளை எம்பி4 ஆக்கிக் கூகுள் டிரைவில் ஏற்றி, லிங்க்கை அனுப்பிவிட்டேன்.