தொடை நாடி

“பின்பக்கம் இழுத்துக்கிச்சு டாக்டர், எங்கேயோ விழுந்திருக்கு” என்று பூனையை மேசைமேல் வைப்பார்கள். என் கை நேராகத் தொடையின் உட்பக்கத்துக்குப் போகும். தொடைத் தமனி அங்கேதான் ஓடுகிறது. நாடி கிடைத்துவிட்டால் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது.

சிறு பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்க வந்த பிறகு கவனித்தது இது: விழவே விழாத இரண்டு வகைப் பூனைகள் இதே புகாரோடு வருகின்றன.

முதல் வகை, ஆறேழு மாதப் பெட்டை. தரையில் புரளும், ஓயாமல் கத்தும், முன்னுடம்பைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி, பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதிக்கும். முதுகைத் தடவினால் வாலை ஒருபுறம் ஒதுக்கும். வலி இல்லை, பருவத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொன்னதும் சிலர் சிரிப்பார்கள், சிலர் கூட வந்த பிள்ளைகளை வெளியே அனுப்புவார்கள். பிள்ளைகள் இருந்தால் நல்லது என்பது என் கட்சி. அவர்கள்தான் சரியான கேள்வி கேட்பார்கள்.

பூனையின் சினைப்பை பெரும்பாலும் இணை சேர்ந்தால்தான் முட்டையை விடும். கடுவனின் குறியில் சின்னச் சின்ன முட்கள் உண்டு. (காயடித்தால் அவை சில வாரங்களில் மறைந்துவிடும்.) இணையும்போது எழும் நரம்புத் தூண்டல் மூளைக்குப் போய், அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஹார்மோனைச் சுரக்க, ஓரிரு நாளில் முட்டைகள் வெளிவரும். ஒருமுறை சேர்ந்தது பலநேரம் போதாது. பல கடுவன்களோடு சேரும். அதனால் ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு அப்பன்கள் இருக்கலாம். இணை கிடைக்காவிட்டால் ஒரு வாரம்போலக் கத்திவிட்டு அடங்கும். பகல் நீண்டிருக்கும் காலமென்றால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கும்.

இரண்டாவது வகையில் நாடி இருக்காது. பாதம் சில்லென்றிருக்கும், உள்ளங்காலின் மெத்தை வெளுத்தோ நீலம் பாரித்தோ இருக்கும். அந்தக் கத்தல் நிஜமான வலி. “காலுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பவர்களுக்கு மருந்துச் சீட்டின் பின்புறம் படம் வரைந்து காட்டுவேன். இதயத்தின் சுவர் தடித்து, இடது மேலறை விரிந்துபோனால், ரத்தம் அங்கே தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி நழுவி, இடது கீழறை வழியாகப் பெருந்தமனிக்குள் போய், அது பின்னங்கால்களுக்குப் பிரிகிற இடத்தில் மடையில் மாட்டிய கட்டைபோல் அடைத்துக்கொள்கிறது. ரத்தம் உடலைச் சுற்றி இதயத்துக்கே திரும்புகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் எழுதினார். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அதே வட்டம்தான்.

நேற்றுவரை ஓடியாடிய பூனை என்பார்கள். உண்மைதான், பூனை இதய நோயை அவ்வளவு திறமையாக மறைக்கும். பிழைப்பவை குறைவு, பிழைத்தாலும் மறுபடி அடைக்கலாம். இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுவது என் வழக்கம்.

முதல் வகைக்காரர்கள் கருத்தடை அறுவைக்கு அன்றைக்கே தேதி கேட்பார்கள். பருவத்தில் கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் பருத்திருக்கும், அறுத்தால் ரத்தம் கூடுதலாகக் கசியும். அவசரம் இல்லையென்றால் அடங்கட்டும் என்று தள்ளிப்போடுவேன்.

“அதுவரைக்கும் இப்படியே கத்துமா டாக்டர்?”

கத்தும். ஜன்னலைச் சாத்தி வையுங்கள், வெளியே கடுவன்கள் வந்து நிற்கும்.