புளியந்தீவில் ஒரு பழைய விடுதிக்கு அனுமதி எடுத்தல்

பழைய கட்டடம் ஒன்றைத் திருத்தி விடுதியாக நடத்த விரும்புபவர்கள், வரைபடம் வரைவதற்கு முன்னரே தொல்பொருள் திணைக்களத்துடன் பேச வேண்டும் என்பதை வற்புறுத்தவே இதை எழுதுகிறேன். மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில், பாட்டனார் காலத்திலிருந்து பயணிகள் தங்கிப்போன எங்கள் ஓட்டுவீட்டை மீண்டும் விடுதியாக்கும் வேலையில் இறங்கிய பிறகுதான், எங்கள் நகரத்துப் பழைய கட்டடங்கள் ஏன் இவ்வளவு விரைவாக மறைகின்றன என்பது எனக்கு விளங்கியது.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டத்தில் 1815 மார்ச் 2 என்ற நாள் ஓர் எல்லைக்கல்லாக நிற்கிறது. கண்டி இராச்சியம் பிரித்தானியரின் கைக்குப் போன அந்த நாளுக்கு முந்திய கட்டடங்களுக்குச் சட்டம் தானாகவே தொன்மைச் சின்னம் என்ற தகுதியைத் தருகிறது; பிந்தியவற்றில் நூறு ஆண்டு கடந்தவற்றை அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்தால் மட்டுமே பாதுகாப்புக் கிடைக்கும். மட்டக்களப்பில் நாம் பழையவை என்று காட்டுகின்ற வீடுகள், கடைகள், பள்ளி மண்டபங்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை பிரித்தானியர் காலத்தவை என்பதால், வர்த்தமானியில் பெயர் ஏறாதவரை அவற்றின் ஆயுள் உரிமையாளரின் மனதைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

எங்கள் வீடும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் அது கோட்டைக்கு அண்மையில் இருக்கிறது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய அந்தக் கோட்டை பாதுகாக்கப்பட்ட சின்னம். அத்தகைய சின்னத்திலிருந்து 400 யார், அதாவது ஏறத்தாழ 366 மீற்றர் தூரத்துக்குள் கட்டட வேலை செய்வதற்குத் தொல்பொருள் திணைக்களத்தின் இணக்கம் வேண்டும்.

இதைக் கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் பயம் வந்தது. அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கிழக்கின் தொல்பொருள் மரபுரிமைக்கென 2020 ஜூனில் நியமிக்கப்பட்ட ஜனாதிபதிச் செயலணியின் முதல் நியமனத்தில் தமிழரோ முஸ்லிம்களோ ஒருவர்கூட இருக்கவில்லை. தொல்பொருள் என்ற பெயரில் காணிக்குள் ஓர் அதிகாரி கால்வைத்தால் காணியே போய்விடும் என்று சித்தப்பா அஞ்சியதற்கு அந்த அனுபவமே காரணம். ஆகவே காணி உறுதி, நில அளவை வரைபடம், வரிப் பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து ஒழுங்குபடுத்திய பிறகே விண்ணப்பித்தோம். வீட்டுக்கு உரிமை யாருடையது என்ற கேள்வியும், வீட்டை எப்படித் திருத்துவது என்ற கேள்வியும் வெவ்வேறானவை என்பதை எழுத்தில் தெளிவாக்கிக்கொள்வது, எங்கள் மாவட்டத்தில் எவருக்கும் நான் சொல்லக்கூடிய முதல் அறிவுரை.

பார்வையிட வந்த அதிகாரி முன்விறாந்தையின் சுவரடியில் நெடுநேரம் குந்தியிருந்தார். பத்திருபது வருடங்களுக்கு முன்னர் பூசிய சீமெந்து அங்கே பொருக்குப் பொருக்காகக் கழன்று, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அருகில் நின்ற எங்கள் மேசனார், "மனே, சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசினா ஈரம் வெளியால வராது, உப்பு உள்ளுக்கயே நிண்டு சுவரத் திண்டுரும்" என்றார். அதிகாரியும் அதையே நிபந்தனையாக எழுதினார்: சீமெந்துப் பூச்சை அகற்றிச் சுண்ணாம்புச் சாந்தாலேயே பூச வேண்டும்; ஓட்டுக்கூரையின் சரிவை மாற்றக்கூடாது; பின்வளவில் கட்டும் புதிய அறைகள் பழைய முகட்டுக்கு மேலே தெரியக்கூடாது; வேலை தொடங்குமுன் ஒவ்வோர் அறையையும் படம்பிடித்துப் பதிவுசெய்ய வேண்டும். இவற்றை முன்கூட்டியே அறிந்ததால், கட்டடக்கலைஞர் மூன்று மாடி என்ற எண்ணத்தை வரைபடத் தாளுக்கே கொண்டுவரவில்லை.

மாநகர சபையில் வேறு கணக்கு. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நகர அபிவிருத்தி அதிகார சபை வகுத்த திட்டமிடல் ஒழுங்குவிதிகள் நிலப் பயன்பாடு, உயரம், தெருவிலிருந்து விட வேண்டிய இடைவெளியான பின்னொதுக்கம், வாகனத் தரிப்பிடம் என்று ஒவ்வொன்றையும் கேட்கின்றன. அந்த விதிகள் வெறுங்காணியில் எழும் புதுக்கட்டடத்தை மனதில் கொண்டவை. எங்கள் விறாந்தைத் தூண்கள் நிற்பதோ இன்றைய விதிப்படி வெறுமையாக விட வேண்டிய அந்த இடைவெளிக்குள். இடித்துக் கட்டினால் விறாந்தையே கிடையாது. உள்ளதை உள்ளபடி திருத்தினால் அது நிலைக்கலாம். இந்த வேறுபாட்டை விளக்கியது தொல்பொருள் திணைக்களத்தின் கடிதம்தான். அந்தக் கடிதம் கையில் இல்லாமல் சபைக்குப் போயிருந்தால், விதியின்படி விறாந்தையை வெட்டுங்கள் என்ற பதிலைத் தவிர வேறொன்றும் கிடைத்திருக்காது.

வாவிக்கரை என்பதால் கரையோரம் பேணல் திணைக்களமும் வருகிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்துக்கு 2011இல் செய்யப்பட்ட திருத்தம், கடலோடு தொடுக்கும் வாவிகளின் ஓரத்தில் 100 மீற்றர் வரை கரையோர வலயத்தை நீட்டியிருக்கிறது. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் புளியந்தீவில் விடுதியின் கழிவுநீரைக் குழிக்குள் விடுவது வாவியில் விடுவதற்குச் சமம். சுத்திகரிப்புத் தொகுதிக்கான செலவை யாரும் கடைசிச் செலவாக நினைக்க வேண்டாம். சுற்றுலா அதிகார சபையின் பதிவு இவற்றோடு ஒப்பிட்டால் இலகுவானது.

இடையில் ஓர் அலுவலகம் மற்றதன் கடிதத்தைக் கேட்க, மற்றது இதன் கடிதத்தைக் கேட்க, கோப்பு நகராமல் கிடந்த காலமும் உண்டு. தெற்கே காலி நகரத்தில் நிலைமை வேறு. அங்கே கோட்டை 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1994இல் தனிச்சட்டத்தின் மூலம் காலி மரபுரிமை மன்றம் அமைந்தது. அங்குள்ள பழைய நியூ ஓரியண்டல் ஹோட்டல் அமன்கல்லா என்ற சொகுசு விடுதியாக மாறியபோதும் அந்தக் கட்டடம் தெருவில் தன் முகத்தோடு நிற்கிறது. புளியந்தீவுக்கு அத்தனை பெரிய ஏற்பாடு இப்போது வராவிட்டாலும், மாநகர சபை பழைய கட்டடங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அவற்றின் திருத்த வேலைகளுக்கான விண்ணப்பங்களை எல்லாத் திணைக்களங்களும் ஒரே மேசையில் கூடிப் பார்க்கும்படி செய்யலாம். இதைக் கேட்டு எழுதும் மனுவில் பழைய வீட்டு உரிமையாளர்களின் கையொப்பங்களைச் சேர்த்துவருகிறோம். வீட்டின் வயதைக் காட்டும் உறுதியோ பழைய படமோ வைத்திருப்பவர்கள் அதன் பிரதியையும் இணைத்துத் தந்தால் மனுவுக்குப் பலம் கூடும்.