கால்ஃபிரெஷ் நேர்காணலுக்குத் தேதி வாங்கிய கதை

என் கணவருக்கு வேலை போனதும் கலிபோர்னியாவில் கால்ஃபிரெஷுக்கு விண்ணப்பித்தோம். ஸ்நாப் என்று அமெரிக்கா முழுக்க இருக்கும் அதே உணவு உதவிதான். பெயர், முகவரி, கையெழுத்து இருந்தாலே விண்ணப்பம் பதிவாகிவிடும். தகுதி உண்டென்றால் பணமும் அந்தத் தேதியிலிருந்தே கணக்கு. அதனால் சம்பளச் சீட்டு, வாடகை ரசீது எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே ஆன்லைனில் அனுப்பிவிட்டோம்.

இழுத்தடித்தது நேர்காணல்தான். நம்மைக் கேட்டுத் தேதி வைக்கவில்லை. அலுவலகமே குறித்துக் கடிதம் போட்டது. கடிதம் கைக்கு வந்தபோது அந்தத் தேதி போயே போய்விட்டது. பின்னாலேயே 'நேர்காணல் நடக்கவில்லை' என்று இன்னொரு நோட்டீஸ். எல்லாம் முடிந்தது என்று அவர் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார். முழுக்கப் படித்தால் அப்படி ஒன்றும் இல்லை. விண்ணப்பித்ததிலிருந்து 30 நாளுக்குள் நாமே கூப்பிட்டு வேறு தேதி கேட்கலாம். கேட்டுவிட்டால், அந்த 30 நாள் முடிவதற்குள் இதைக் காட்டி நிராகரிக்கக் கூடாது. ஆனால் கேட்க வேண்டியது நாம்தான்.

கூப்பிட்டேன். ஹோல்டில் போட்ட போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு இட்லிக்கு மாவரைத்தே முடித்தேன், அப்புறம்தான் ஆள் வந்தார். பிள்ளைகள் பள்ளிக்குப் போனபிறகு பேசலாமா என்று கேட்டதும் சட்டென்று மாற்றிக்கொடுத்தார். எந்த எண்ணிலிருந்து வரும் என்றும் கேட்டுவைத்தேன். பிரைவேட் நம்பர் என்றுதான் காட்டுமாம்! அப்படிப்பட்ட அழைப்புகளைத் தடுக்கும் வசதியை உடனே அணைத்துவைத்தோம்.

போனில்தான் நேர்காணல். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக இணைப்பார்கள்; பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசவைக்க வேண்டாம். அதிக நேரம் எடுத்தது ஒரே கேள்விதான்: யார் யார் சேர்ந்து வாங்கிச் சமைக்கிறீர்கள்? எங்கள் வீட்டு அறையில் வாடகைக்கு இருக்கும் தம்பி தனியாகச் சமைப்பான். அதனால் அவனைக் குடும்பக் கணக்கில் சேர்க்கவில்லை. அவன் தரும் வாடகையை மட்டும் வருமானத்தில் எழுதிக்கொண்டார்கள். விட்டுப்போன காகிதங்களை அனுப்ப 10 நாள் கொடுத்தார்கள்.

கையில் சுத்தமாகப் பணமே இல்லாதவர்கள் அவசர உதவி என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாத வருமானம் 150 டாலருக்குக் கீழே, கையிலும் வங்கியிலும் சேர்த்து இருப்பு 100 டாலருக்குள் என்றால் கலிபோர்னியாவில் 3 நாளில் தர வேண்டும். எங்களுக்கு அது பொருந்தவில்லை.

ஆறு மாதம் கழித்து, வருமானமும் குடும்ப நிலையும் மாறியதா என்று கேட்கும் எஸ்ஏஆர் 7 படிவம் வரும். அதற்கு வழக்கமாக நேர்காணல் கிடையாது, நிரப்பி அனுப்பினால் போதும்.