கோதுமையை நிறுத்தின பிறகு பிடித்துக்கொண்ட பசி

கோதுமையை நிறுத்தின பத்தாம் நாளே வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. ஆனால் பசி பிடித்துக்கொண்டது. காலையில் ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, பட்டுப்புழு வளர்க்கிற புழுமனைக்குள் போவேன். தழை போட்டு முடித்து நிமிரும்போது மணி பத்தரை. கை நடுங்கும், காது அடைக்கும், கண்ணை இருட்டிக்கொண்டு வரும். அஞ்சாம் பருவத்துப் பட்டுப்புழு ராப்பகலாகத் தின்னும். மனை முழுக்கத் தூறல் விழுகிற மாதிரி அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நடுவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகிற பக்கம் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கரில் மல்பெரி, கொஞ்சம் நிலக்கடலை, ரெண்டு மாடு. எனக்கு சீலியாக் நோய் என்று தெரிந்து ரெண்டு வருஷம் ஆகிறது. கோதுமை, பார்லி, ரை இந்த மூன்று தானியத்திலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்குகிறது. சிறுகுடலின் உள்பக்கம் பூத்துவாலையின் இழை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மொட்டையாகிவிடும். தின்றது ஒட்டாது. மாத்திரை கிடையாது; அந்த மூன்றையும் ஆயுசுக்கும் தொடக்கூடாது, அவ்வளவுதான் வைத்தியம். நம் பக்கத்தில் இது அபூர்வம், வட இந்தியாவில்தான் அதிகம். அதனால்தான் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது.

அந்த மூன்று வருஷத்தை நீட்டிச் சொல்லப் போவதில்லை. அத்தைக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து வீட்டில் ராத்திரி எல்லோருக்கும் சப்பாத்தி. எனக்கு வயிறு உப்பும், நாலைந்து தடவை வெளியே போகும், எடை இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு இடத்தில் கேஸ் என்றார்கள், ஒரு இடத்தில் அல்சர் என்றார்கள். சோறைக் குறைத்துச் சப்பாத்தியைக் கூட்டச் சொன்னவரும் உண்டு. ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், 7.2க்கு வந்துவிட்டது. இரும்புச்சத்து மாத்திரை எட்டு மாதம் விழுங்கியும் அது ஏறவில்லை. கடைசியில் பெங்களூரில் ஒரு டாக்டரம்மாதான், "மாத்திரை போட்டும் ரத்தம் ஏறலைன்னா குடல்ல ஒட்டலைன்னு அர்த்தம்மா" என்று சொல்லி டிடிஜி என்கிற ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அது சாதாரண அளவைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இருந்தது. பிறகு எண்டோஸ்கோப்பி செய்து குடலில் சின்னத் துணுக்குகள் எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள்.

சந்தேகம் இருக்கிறவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பரிசோதனை முடிகிற வரைக்கும் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். முன்கூட்டியே நிறுத்தினால் ரத்தத்திலும் குடலிலும் அடையாளம் குறைந்துபோய், நோய் இல்லை என்று முடிவு வந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள் என்று நானும் நிறுத்தப் போனவள்தான். டாக்டரம்மா தடுத்தார்.

பாலும் கொஞ்ச மாதத்துக்கு வேண்டாம் என்றார்கள். பால் சர்க்கரையைச் செரிக்கிற நொதி அந்தக் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறதாம். நுனியே இல்லாதபோது பால் எப்படிச் செரிக்கும்? குடல் தேறியதும் திரும்பக் குடிக்கலாம். ஆக சப்பாத்தி போச்சு, பிஸ்கட் போச்சு, ரவை, சேமியா, பரோட்டா, பன், பால் டீ எல்லாம் போச்சு. மிஞ்சினது சோறும் ரசமும் இட்லியும்.

அதில்தான் அந்தப் பசி. மூன்று வருஷமாகப் பட்டினி கிடந்த உடம்பு, குடல் ஆற ஆற இழந்ததையெல்லாம் கேட்கிறது என்று பிறகுதான் புரிந்தது. வெறும் சோறும் ரசமும் அதற்கு எந்த மூலைக்கு? ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டால் ரெண்டு மணி நேரம். என் வீட்டுக்காரர் ஆன்லைனில் குளூட்டன் இல்லாத பிஸ்கட்டும் ரொட்டியும் வரவழைத்தார். அவர் ஆசையாக வாங்கினது, அதனால் தின்றேன். சாதாரண பிஸ்கட்டைவிடப் பல மடங்கு விலை, உள்ளே பெரும்பாலும் ஸ்டார்ச்சும் சர்க்கரையும். அரை பாக்கெட் தின்றாலும் வயிறு நிறைந்த மாதிரியே இருக்காது.

"கேவுருல அந்தக் கோதுமைச் சனியன் இருக்குதா கண்ணு?" என்று கேட்டது அத்தைதான். இல்லை. கேவுரு என்கிற ராகி, சாமை, தினை, கம்பு, சோளம், அரிசி எதிலும் குளூட்டன் கிடையாது. தர்மபுரியில் பிறந்து களி தின்று வளர்ந்தவளுக்கு அதை இன்னொருத்தர் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. 2023இல் எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக ரெண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த ராகியும் வீட்டில் இருந்தது. அரைத்து வந்து களி கிண்டினோம். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் பசிக்கவே இல்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு.

நாலாவது நாள் பழையபடி வயிறு உப்பி, போக ஆரம்பித்தது.

ராகியே ஆகவில்லையோ என்று ஒரு வாரம் விட்டேன், சரியானது. திரும்பத் தின்றேன், திரும்ப வந்தது. அம்மா வீட்டுக்குப் போனபோது அங்கே உரலில் இடித்த மாவில் களி சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் மாவு மில் மேல் சந்தேகம் வந்தது. போய் நின்று பார்த்தேன். எனக்கு முன்னால் ஒருவர் பத்து கிலோ கோதுமை அரைத்துக்கொண்டு போகிறார். அதே வாயில் என் ராகி. முதலில் விழுந்த மாவு ராகி நிறத்திலேயே இல்லை, வெளுப்பாக விழுந்தது. கல்லுக்கு இடையிலும் குழாயிலும் துணிப்பையிலும் கோதுமை மாவு அப்பிக்கொண்டிருக்கிறது. மில்லுக்கார அண்ணன் மேல் தப்பே இல்லை, எல்லோருக்கும் அப்படித்தானே அரைக்கிறார். நம் நாட்டுச் சட்டப்படி குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொருளில் போட வேண்டுமென்றால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அது ஒரு சிட்டிகைகூட இல்லை. மில்லில் கலந்தது எத்தனை சிட்டிகையோ!

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். "நோவுன்னு சொல்றியே, காலையில மொத ஆளா வாம்மா, கூட்டித் தொடைச்சுட்டு அரிசியை ஓட்டிட்டு உன்னுதைப் போட்டுத் தர்றேன்" என்றார். முதலில் விழுகிற அரை கிலோ மாவை மாட்டுக்கு ஒதுக்கிவிடுவேன். ஆறு மாதம் அப்படி ஓடியது. அதிலும் எப்போதாவது ஒரு தடவை தொந்தரவு வந்தது. பட்டுக்கூடு நல்ல விலைக்குப் போன ஒரு மகசூலில், வீட்டிலேயே அரைக்கிற சின்ன மாவு மெஷின் வாங்கிவிட்டோம். மெஷின் வந்த பிறகு ஒரு தடவைகூட அந்தத் தொந்தரவு இல்லை.

தானியமாக வாங்குவதில் இன்னொரு வசதி. ராகி கடுகளவு, கோதுமை பெரிசு. சல்லடையில் சலித்தால் ராகி கீழே இறங்கிவிடும், தப்பித்தவறிக் கலந்த கோதுமை மேலே நிற்கும். ஒரு மூட்டையில் ஏழெட்டு மணி பொறுக்கியிருக்கிறேன். சலித்து, கல் அரித்துக் கழுவி, காயவைத்து அரைக்கிறோம். சல்லடை எனக்குத் தனி. சப்பாத்தி மாவு சலித்த சல்லடையின் கண்ணில் ஒட்டியிருப்பது எத்தனை கழுவினாலும் போகாது. முறம், தோசைக்கல், களிக்கட்டை எல்லாமே தனிதான். அத்தை தன் சப்பாத்தியை விட்டுவிட்டு எங்களோடு களிக்கு வந்துவிட்டார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகவே செய்தது.

களி கிண்டுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பிடி நொய்யரிசியைத் தண்ணீரில் குழையவிட்டு, உப்புப் போட்டு, தளதளவென்று கொதிக்கும்போது மாவை நடுவில் மேடாகக் கொட்ட வேண்டும். கிளறக்கூடாது. களிக்கட்டையால் மேட்டுக்கு நடுவில் ஒரு குழி போட்டுவிட்டு, தீயைக் குறைத்து வேகவிட வேண்டும். குழி வழியாகத் தண்ணீர் கொப்புளித்து மாவுக்கு மேல் வரும். மாவின் பச்சை வாசம் போய் மண் வாசம் மாதிரி ஒன்று எழும்பும்போது, சட்டியைக் கீழே இறக்கிக் காலால் அணைத்துக்கொண்டு, கட்டி தட்டாமல் ஒரே மூச்சாகக் கிண்ட வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை. அரைவேக்காட்டுக் களி நல்ல வயிற்றையே வலிக்க வைக்கும், புண்பட்ட குடலுக்குக் கேட்கவே வேண்டாம்.

ஆசைப்பட்டு முதல் நாளே முழு உருண்டை தின்றுவிடாதீர்கள். நார்ச்சத்து அதிகம், தேறாத குடலில் காற்று கட்டிக்கொள்ளும். மில் சமாச்சாரம் சரியான பிறகு எலுமிச்சம்பழ அளவில் தொடங்கி, ஒன்றரை மாதத்தில்தான் முழு உருண்டைக்கு வந்தேன். தண்ணீர் கூடக் குடிக்காவிட்டால் மலச்சிக்கல் வரும், அதையும் பட்டுப் பார்த்தேன். கூழாகக் கரைத்துக் குடித்தால் எனக்குப் பதினோரு மணிக்கே பசித்துவிடும். அதே மாவு களியாக உள்ளே போனால் ஒரு மணி வரைக்கும் தாங்கும்.

களி தனியாகத் தாங்காது, அதோடு தொட்டுக்கொள்வதும் கெட்டியாக இருக்க வேண்டும். கொள்ளுக் கடையல், அவரைக்கொட்டைக் குழம்பு, கீரை கடைந்து மேலே நிலக்கடலைப் பொடி, இல்லாவிட்டால் முட்டைக் குழம்பு. ரசத்தோடு தின்ற களிக்கும் கொள்ளோடு தின்ற களிக்கும் எனக்கு ஒன்றரை மணி நேர வித்தியாசம் தெரிகிறது. பதினோரு மணிக்கு ஒரு கைப்பிடி வேகவைத்த கடலை மடியில் இருக்கும். மதியம் பாதி அரிசி, பாதி சாமைச் சோறு. சாமை பென்னாகரம் பக்கமிருந்து அம்மா வாங்கி அனுப்புவாள். ராத்திரி ஏழரைக்குள் இட்லியோ தோசையோ, நிலக்கடலைச் சட்னியோடு. பசி வந்த பிறகு சமைக்கப் போனால் கை எதையாவது எடுத்து வாயில் போடும். அதனால் புழுவுக்குத் தழை போடுகிற நேரத்தை வைத்தே என் சாப்பாட்டு நேரத்தையும் வைத்துக்கொண்டேன்.

வெளியே போகும்போதுதான் கஷ்டம். பரோட்டாக் கல்லிலேயே தோசையும் ஊற்றுகிறார்கள். சோயா சாஸில் கோதுமை உண்டு. மால்ட் பானங்களில் பார்லி. எல்லாவற்றையும்விட என்னை ஏமாற்றினது பெருங்காயம். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்க்கிறார்கள். சாம்பார், ரசம், புளிசாதம், ஊறுகாய் எல்லாவற்றிலும் அது நுழைந்துவிடுகிறது. டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும். கல்யாண வீட்டில் யாரிடம் போய் டப்பாவைக் கேட்பது? இலையில் சோறும் தயிரும் போட்டுக்கொண்டு, பையிலிருந்து என் டப்பாவைத் திறப்பேன். முதலில் கூச்சமாக இருந்தது. "எங்க வீட்டுச் சாப்பாடு உனக்கு ஆகலையா" என்று ஒரு சித்தி முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். ரிப்போர்ட்டைப் பற்றி விளக்கிப் பார்த்தேன், புரியவில்லை. "சாப்பிட்டா நாலு நாள் படுத்துடுவேன் சித்தி, புழுவுக்கு யாரு தழை போடறது" என்றேன். உடனே புரிந்துவிட்டது.

பதினோரு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் டிடிஜி சாதாரண அளவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. ரத்தம் 11.8. எடை ஒன்பது கிலோ ஏறியிருக்கிறது. பால் டீ திரும்பக் குடிக்கிறேன். இது ரத்த சொந்தத்துக்கும் வரக்கூடியது என்பதால் பொண்ணுக்கும் தங்கச்சிக்கும் பரிசோதனை செய்தோம், ரெண்டு பேருக்கும் இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை அரூரில் தங்கச்சிக்கு வளைகாப்பு. ஏழு வகைக் கலவைச் சாதம். நான் வழக்கம்போல டப்பா எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். நேற்று ராத்திரி மளிகைக் கடையில் நின்றுகொண்டு போன் போட்டாள். "அக்கா, பெருங்காய டப்பாவுல என்ன எழுதியிருக்குதுன்னு படிக்கிறேன், கேளு" என்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். மூன்றாவது டப்பாவில்தான் அரிசி மாவு வந்தது.