பாரிமுனை வீட்டை மாற்றிக் கட்ட அனுமதி வாங்கிய அனுபவம்

சென்னை ஜார்ஜ் டவுனில், அரண்மனைக்காரத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் குடும்ப வீடு இருந்தது. அகலம் குறைவு, நீளம் அதிகம். கீழே ஒரு நோட்டு பைண்டிங் கடை, பின்கட்டிலும் மாடியிலும் குடித்தனம். உத்திரங்கள் செல்லரித்து, மழைக்காலத்தில் மாடித் தரையில் கால் வைக்கவே பயமாகிவிட்ட நிலையில், மாற்றிக் கட்டுவது என்று குடும்பத்தில் முடிவானது. அனுமதி வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பாரிமுனை, மண்ணடி, தங்கசாலைப் பக்கம் பழைய வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அனுமதிக்காக நாம் சேர்க்கும் காகிதங்கள்தான் அந்தத் தெருவின் சரித்திரம். வீடு நிற்கும்போதே அந்தக் காகிதங்களுக்கு இரண்டாவது பிரதி எடுத்துவிடுங்கள். வேறு யாரும் எடுத்து வைக்கப் போவதில்லை.

முதல் வேலை குடும்பத்துக்குள். வீடு தாத்தா பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்று வாங்கி, அத்தைகளும் சித்தப்பா பிள்ளைகளும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து என் அப்பாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். குடும்ப உறவுக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலை முதல் அது 40,000 ரூபாய். இந்தப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பணம் கைமாறும் முன் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள், அது போதும்.

அடுத்தது, சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றும் (ஈ.சி.), அது கைமாறி வந்த வழியைச் சொல்லும் மூலப்பத்திரமும். 1975-க்குப் பிந்தைய ஈ.சி. இணையத்திலேயே கிடைத்துவிட்டது. அதற்கு முந்தையதற்கு மனு போட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய அட்டவணைப் புத்தகங்களைத் தேட வைக்க வேண்டும். ஒவ்வொரு பத்திரமும் தனக்கு முந்தைய பத்திரத்தின் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்குச் சான்றிட்ட நகல் கேட்டால், அது இன்னொன்றைச் சொல்லும். வங்கிக்கும் பில்டருக்கும் முப்பது ஆண்டு ஆவணம் போதும் என்றார்கள். நான் நிறுத்தவில்லை, போக முடிந்தவரை பின்னால் போனேன்.

இந்தப் பழைய பத்திரங்களில் எல்லோரும் தாண்டிப் போகும் பகுதி கடைசியில் வரும் சொத்து விவரம். எனக்கு அதுதான் புதையலாகத் தெரிந்தது. 'இன்னார் வீட்டுக்குத் தெற்கு, இன்னார் மனைக்கு வடக்கு' என்று நான்கு எல்லையும் ஆள் பெயரோடு இருக்கும். எங்களுடைய ஒரு பத்திரத்தில் வடக்கே காகித வியாபாரி ஒருவரின் கிடங்கு, கிழக்கே ஒரு மரக்காயரின் மனை. அதற்கு முந்தைய தலைமுறைப் பத்திரத்தில் அதே கிழக்கு எல்லை ஒரு துபாஷ் (ஆங்கிலேய வணிகர்களுக்கு மொழிபெயர்த்து இடைநின்றவர்) குடும்பத்து விதவையின் பெயரில். ஒன்று முழுக்கத் தெலுங்கில் இருந்தது. தெலுங்கு படிக்கத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவரைக் கண்டுபிடித்து வரிவரியாகப் படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டேன். கிணறு யாருக்குப் பொது, எந்தச் சுவர் பொதுச்சுவர், மழைத் தண்ணீர் யார் வீட்டுப் பக்கம் விழலாம் என்பது வரை அதில் இருந்தது. நான்கு பத்திரங்களை வரிசையாக வைத்தால், சந்தில் யார் எப்போது வந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்பதற்கு ஒரு வரைபடமே போடலாம். நான் போட்டேன்.

எண்கள்தான் தலையைச் சுற்ற வைக்கும். பழைய சர்வே எண், மறு சர்வே எண், கலெக்டர் சர்டிபிகேட் எண் என்று சென்னையின் பழைய சொத்துகளுக்கே உரிய மூன்று எண்கள் உண்டு. அதோடு பழைய கதவு எண், புதிய கதவு எண். ஒரு பத்திரத்தில் ஒன்று இருக்கும், மற்றதில் இருக்காது. தாலுகா அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் வாங்கி, எல்லா எண்களையும் ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதி வைத்தேன். பிறகு எங்கே போனாலும் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டினேன். கேள்விகள் பாதியாகக் குறைந்தன.

இனி யாருமே எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாத விஷயம். உயர் நீதிமன்ற வளாகத்தில், பழைய சட்டக் கல்லூரிக் கட்டிடத்தை ஒட்டி ஒரு பழைய கல்லறை இருக்கிறது. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹூ யேலின் மகன் டேவிட், குழந்தையிலேயே இறந்தவன். அவனும் ஜோசப் ஹின்மர்ஸ் என்பவரும் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அப்படிப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடம் கூடாது. அதைத் தாண்டி 200 மீட்டர், கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அங்கே கட்ட தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி வேண்டும். எங்கள் மனை அந்த இரண்டாவது வட்டத்துக்குள் வந்தது. உரிமம் பெற்ற சர்வேயர் தூரத்தை அளந்து வரைபடம் போட்டுத் தந்தார். உயரம், மாடிகள், பயன்பாடு எல்லாவற்றையும் காட்டி விண்ணப்பித்தோம். இந்தப் பக்கம் கட்ட நினைப்பவர்கள், பில்டரோடு ஒப்பந்தம் போடும் முன்பே இந்தத் தூரத்தை அளந்துவிடுங்கள். 100 மீட்டருக்குள் இருந்தால் பழுதுபார்ப்புக்கு மட்டுமே வழி உண்டு. அப்படியென்றால் கணக்கே வேறு.

அந்தக் காத்திருப்பில்தான் அந்தக் கல்லறை ஏன் தனியாக நிற்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். இன்றைய உயர் நீதிமன்றம் நிற்கும் இடம்தான், கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த முதல் கருப்பர் பட்டணம் (பிளாக் டவுன்). 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, 1749-இல் ஆங்கிலேயர் கைக்கு அது திரும்பிய காலத்தில், கோட்டையைச் சுற்றி வெட்டவெளி வேண்டும் என்று அந்த ஊரையே இடித்துத் தள்ளினார்கள். அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போனது. அதற்கு ஈடாக எழுந்தவைதான் தேவராஜ முதலி தெருவை ஒட்டி இன்றும் நிற்கும் சென்னகேசவர், சென்ன மல்லீஸ்வரர் கோயில்கள். ஆங்கிலேயரின் இடுகாடும் முற்றுகையின்போது எதிரிகளுக்கு மறைவிடமானதால் பிறகு அகற்றப்பட்டது. கல்வெட்டுப் பலகைகள் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயத்துக்குப் போயின. தங்கியது இந்தக் கல்லறை. 'இந்தத் தூணுக்குக் கோட்டைப் பக்கம் கட்டக் கூடாது' என்று குறிக்க 1773-இல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் ஒன்று, பாரிமுனையில் டேர் ஹவுஸ் என்ற கட்டிடத்தின் மூலையில் இன்னும் இருக்கிறது. அடுத்த முறை சிக்னலில் நிற்கும்போது பாருங்கள். நாங்கள் வாழும் ஜார்ஜ் டவுனே ஒரு இடிப்புக்குப் பிறகு தள்ளி வைத்துக் கட்டப்பட்ட ஊர் என்பது இதையெல்லாம் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இங்கே பிறந்து வளர்ந்த யாரும் பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கவில்லை. படித்திருக்க வேண்டும்.

பாரம்பரியக் கட்டிடப் பட்டியலையும் பார்த்தோம். நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த பட்டியல் அது. 2010-இல் அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தை இடிக்காமல் காப்பாற்றிய தீர்ப்பில் அந்தப் பட்டியல் முக்கியமாக இருந்தது. எங்கள் வீடு அதில் இல்லை. அனுமதி வாங்க அது வசதிதான். ஆனால் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: இந்த வீடு எப்படி இருந்தது என்று எங்கேயும் பதிவு இருக்காது. பெரிய கட்டிடங்களுக்காகப் பேசக் குழுக்களும் வழக்குகளும் இருக்கின்றன. பைண்டிங் கடையும் பின்கட்டுக் குடித்தனமுமாக இருந்த சந்து வீட்டுக்கு அதன் சொந்தக்காரர்தான் பேச வேண்டும்.

அதனால் இடிப்பதற்கு முன் வீட்டை முழுதாக அளந்து வரைந்தோம். கட்டிடக்கலை படிக்கும் மாணவர்கள் சிலர் ஆர்வமாக வந்தார்கள். திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம், பின்கட்டு எல்லாவற்றுக்கும் தரைப்படம், குறுக்குவெட்டுப் படம். மெட்ராஸ் டெரஸ் கூரையை அடுக்கடுக்காகப் பிரித்து ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்தார்கள். தேக்கு உத்திரம், அதன் மேல் குறுக்கே கட்டைகள், அதன் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சாய்வாக அடுக்கிய வரிசை, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், மேலே தட்டோடு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய தளம் அது. பிரித்தெடுத்த மேஸ்திரிக்கே அதை உடைக்க மனம் வரவில்லை. செல்லரிக்காத உத்திரங்களைப் பழைய மரக்கடைக்குப் போடாமல் புது வீட்டின் படிக்கட்டுக்கு அறுத்துக்கொண்டோம்.

பைண்டிங் கடைப் பெரியவரிடம் பேசியதும் இந்த வேலையின் பகுதிதான். எங்கள் அப்பாவைவிட மூத்தவர். காலி செய்வது பற்றி நேராகவே பேசினோம். புதுக் கட்டிடத்தில் அதே தரைத்தளத்தில் இடம், அதுவரை பக்கத்துத் தெருவில் தற்காலிகக் கடைக்கு நாங்கள் வாடகை என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். அது முடிந்த பிறகு அவர் பேசிக்கொண்டே இருந்தார், நான் எழுதிக்கொண்டேன். "தம்பி, ஆண்டர்சன் தெருவுல காகித லாரி வந்தா இங்க வரைக்கும் ஆள் வரிசையா நிப்பாங்க" என்றார். கொத்தவால் சாவடி மார்க்கெட் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனபோது தன்னிடம் கணக்கு நோட்டு வாங்கிய கமிஷன் மண்டிக்காரர்களில் பாதிப் பேரை இழந்ததையும், மெட்ரோ வேலை நடந்தபோது சந்து வீடுகளில் விரிசல் பார்த்து எல்லோரும் பயந்ததையும் சொன்னார். 2019-இல் மண்ணடியிலும் உயர் நீதிமன்றத்திலும் மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகுதான் பில்டர்கள் தெருத் தெருவாக விசாரிக்க வந்தார்கள் என்பது அவர் கணக்கு. பத்திரத்தில் வராத பாதி அவரிடம் இருந்தது. வாடகைதாரர் கிளம்பிய பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், அதனால் முதலிலேயே கேளுங்கள்.

கட்டிட அனுமதி இதற்கெல்லாம் பிறகு சுலபமாகவே இருந்தது. ஜார்ஜ் டவுன் தொடர் கட்டிடப் பகுதி. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி பக்கவாட்டில் இடம் விடத் தேவையில்லை, சுவரோடு சுவர் கட்டலாம். குறுகலான மனைக்கு அதுதான் உயிர். இடிப்பு விண்ணப்பம், வரைபடம், பொறியாளரின் கையெழுத்து, வரி ரசீது எல்லாம் இணையத்தில் ஏற்றினோம். ஒரு அலுவலகத்தில் மட்டும் கதவு எண் பொருந்தவில்லை என்று கோப்பு நீண்ட நாள் நின்றது. என் கட்டம் போட்ட தாள்தான் அதையும் தீர்த்தது.

இடிக்கும்போது பக்கத்துச் சுவருக்கு முட்டுக் கொடுத்து, கைவேலையாகவே பிரித்தோம். இயந்திரம் வைத்தால் அந்தச் சந்தில் மூன்று வீடு சேர்ந்து ஆடும். இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

சேர்த்த எல்லாவற்றையும் ஒரு கோப்பாகக் கட்டி மூன்று பிரதி போட்டேன். ஒன்று வீட்டில், ஒன்று படம் வரைந்த மாணவர்களின் கல்லூரி நூலகத்தில், ஒன்று பைண்டிங் பெரியவரிடம். அதைத் தைத்து அட்டை போட்டதும் அவர்தான். போன மாதம் வடக்கு வீட்டுக்காரர் தன் வீட்டையும் மாற்றிக் கட்டப் போவதாக வந்தார். நடுச்சுவர் முழுக்கத் தன்னுடையது என்று அவருடைய பில்டர் வரைபடம் போட்டிருந்தார். அந்தத் தெலுங்குப் பத்திரத்தில் பொதுச்சுவர் என்று இருந்த வரியையும் அதன் தமிழாக்கத்தையும் காட்டினேன். அவர் மறுபேச்சு இல்லாமல் வரைபடத்தைத் திருத்தச் சொல்லிவிட்டு, "உங்க கோப்பைக் கொஞ்ச நாளைக்குக் கொடுங்க, எங்க பக்கத்துப் பத்திரத்தையும் இதுல சேத்துடலாம்" என்றார். இப்போது அவருடைய மூலப்பத்திரத்துக்கு நகல் மனு போட்டிருக்கிறோம்.